சூப்பர்சார்ஜர் போட்ட மஸ்டாங்கில் எரிபொருள் அமைப்பை மாற்றுவது எப்படி? முதல்முறை செய்கிறவர்களுக்கு

போன மே மாதம் டெட்ராய்ட் பக்கத்தில் ஒரு டைனோ கடை, அதாவது காரை உருளைகளின் மேல் ஓட்டி சக்தியை அளக்கும் இடம். என் 2016 மஸ்டாங் ஜிடி உருளைகளின் மேல் பட்டைகளால் கட்டப்பட்டு நின்றது. மூன்றாவது ஓட்டம். எஞ்சின் 6,200 ஆர்.பி.எம்.மைத் தாண்டியதும், முன் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டியிருந்த எரிபொருள் பிரஷர் மீட்டரின் முள் 55 பி.எஸ்.ஐ.யிலிருந்து (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) 41-க்குச் சரிந்தது. எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பைச் சரிசெய்யும் டியூனர் சட்டென்று காலை எடுத்துவிட்டார். இரண்டு விநாடி தாமதித்திருந்தால் எஞ்சின் போயிருக்கும் என்றார்.

சூப்பர்சார்ஜரை மாட்டிக்கொடுத்த இடத்தில் "கம்பெனி பம்ப்பே போதும்" என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பி இரண்டு மாதம் ஹைவேயில் அழுத்தி ஓட்டியிருக்கிறேன். அந்த முள் இறங்கியதைப் பார்த்த பிறகு பல இரவு தூக்கம் வரவில்லை. அதன்பின் எல்லாவற்றையும் கழற்றி, சரியாகச் செய்து முடிக்க ஏறத்தாழ நான்கு மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வது 2015 முதல் 2017 வரையிலான மஸ்டாங் ஜிடிக்கு. 5.0 லிட்டர் கொயோட்டி எஞ்சின், கம்பெனியிலிருந்து வரும்போது 435 குதிரைத்திறன். 2018 முதல் வந்த காரில் போர்ட் இன்ஜெக்டரோடு (காற்று வரும் வழியில் பெட்ரோல் தெளிப்பது) நேரடி இன்ஜெக்ஷனும் (சிலிண்டருக்குள்ளேயே தெளிப்பது) சேர்ந்துகொள்வதால் கணக்கே வேறு. மற்ற கார்க்காரர்கள் முதல் படியை மட்டுமாவது படியுங்கள், அது எல்லோருக்கும் பொருந்தும்.

1. எதையும் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

சூப்பர்சார்ஜர் எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளும் காற்றைத்தான் கூட்டுகிறது. அந்தக் காற்றுக்கு ஈடான பெட்ரோல் டேங்க்கிலிருந்து பம்ப், வயர், ஹோஸ், ஃபில்டர், ரெகுலேட்டர் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது), ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்), இன்ஜெக்டர் என்று வரிசையாகக் கடந்து வந்தாக வேண்டும். இதில் எது சிறியதோ அதுதான் உங்கள் காரின் எல்லை. பெரிய இன்ஜெக்டர் மட்டும் வாங்கி மாட்டினால் பயனில்லை. இந்தத் தவறைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள்.

என் இலக்கு சக்கரத்தில் 600 குதிரைத்திறன். கியர்பாக்ஸிலும் ஆக்ஸிலிலும் 15 சதவீதம் போகும் என்று வைத்தால் எஞ்சினில் சுமார் 700. சூப்பர்சார்ஜர் போட்ட எஞ்சின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.65 பவுண்டு பெட்ரோல் குடிக்கும். சூப்பர்சார்ஜரின் பெல்ட்டைச் சுழற்றவே ஒரு பங்கு சக்தி போய்விடுவதால் இது சாதாரண எஞ்சினைவிட அதிகம்.

700-ஐ 0.65-ஆல் பெருக்கினால் மணிக்கு 455 பவுண்டு. எட்டு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 57. இன்ஜெக்டர் நூறு சதவீத நேரமும் திறந்திருக்கக்கூடாது, 85-க்கு மேல் போகக்கூடாது. ஆகவே 57-ஐ 0.85-ஆல் வகுத்தால் 67 பவுண்டு. அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 சி.சி. இன்ஜெக்டர் வேண்டும்.

பம்ப்புக்கு அதே 455 பவுண்டைப் பாருங்கள். அது மணிக்கு சுமார் 280 லிட்டர். 20 சதவீதம் மிச்சம் வைத்தால் 335 லிட்டர்.

இ85 (எத்தனால் அதிகம் கலந்த எரிபொருள்) அடிக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் 35 சதவீதம் கூட்டுங்கள். இன்ஜெக்டர் 950 சி.சி., பம்ப் 450 லிட்டர். எனக்கு இ85 ஆசை இருந்ததால் இந்தப் பெரிய எண்ணுக்கே எல்லாம் வாங்கினேன். "இப்போதைக்கு பெட்ரோல், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சின்னதாக வாங்குகிறவர்கள் இரண்டு தடவை செலவு செய்வதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பம்ப் பெட்டியில் 450 என்று போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், சரியான வோல்டேஜில் அளந்த எண். அழுத்தம் 65-க்குப் போனால் அதே பம்ப் கணிசமாகக் குறைவாகத் தரும். எந்த அழுத்தத்தில் எவ்வளவு தரும் என்ற வரைபடத்தை விற்பவரிடம் கேளுங்கள். உங்கள் அழுத்தத்துக்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். வரைபடம் இல்லை என்று சொல்லும் கடையில் வாங்க வேண்டாம்.

2. மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

கம்பெனி அமைப்பில் ரெகுலேட்டர் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. ரெயிலிலிருந்து பெட்ரோல் திரும்பிப் போக வழி கிடையாது. ரெயில் அழுத்தம் ஏறக்குறைய மாறாமல் 55-இல் நிற்கும். பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் ஏற்றும் காற்றழுத்தம், வரும்போதுதான் சிக்கல். மேனிஃபோல்டுக்குள் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) 10 பி.எஸ்.ஐ. ஏறினால் இன்ஜெக்டர் அந்தப் பத்தையும் எதிர்த்துத் தள்ள வேண்டும். அதன் கையில் மிஞ்சுவது 45 தான். அதிகம் தேவைப்படும் நேரத்தில் இன்ஜெக்டர் பத்து சதவீதம் சிறியதாகிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வழி, பம்ப்புக்குப் போகும் வோல்டேஜை உயர்த்தும் பெட்டி. 350 முதல் 400 டாலர். அரை நாளில் மாட்டிவிடலாம். குறைந்த பூஸ்ட், பெட்ரோல் மட்டும், இலக்கும் சிறியது என்றால் இது போதும். ஆனால் பழைய பம்ப்பை அதன் சக்திக்கு மேல் விரட்டுகிறோம் என்பதை மறக்கக்கூடாது. 80,000 மைல் ஓடிய பம்ப் என்றால் நான் இதைச் செய்யமாட்டேன்.

இரண்டாவது வழி, டேங்க்குக்குள் பம்ப்பைத் தாங்கி இருக்கும் கூட்டுக்குள்ளேயே பெரிய பம்ப்பைப் போடுவது. விலை குறைவு, ஆனால் பழைய வயரும் பழைய கன்ட்ரோல் மாட்யூலும் அந்தக் கரண்ட்டைத் தாங்க வேண்டும். பெரும்பாலும் தாங்காது.

மூன்றாவது, ரிட்டர்ன் அமைப்பு. ரெயிலின் மறுமுனையில் ரெகுலேட்டர் வரும். மேனிஃபோல்டிலிருந்து ஒரு சின்ன வேக்குவம் ஹோஸ் அதற்குப் போகும். பூஸ்ட் ஒரு பி.எஸ்.ஐ. ஏறினால் ரெயில் அழுத்தமும் ஒன்று ஏறும். மிச்சப் பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பிவிடும். நான் இதைத்தான் செய்தேன், இரண்டு பம்ப் வைத்து. இ85-க்குப் போகிறவர்களுக்கு இதைத் தவிர வேறெதையும் மனமறிந்து சொல்லமாட்டேன்.

3. காகித வேலை

இதை ஒருவரும் சொல்வதில்லை. வேலை முடிந்த பிறகு தேடினால் கிடைக்காது.

கலிபோர்னியாவிலோ, அங்குள்ள விதியைப் பின்பற்றும் மாநிலத்திலோ இருந்தால், உங்கள் சூப்பர்சார்ஜருக்கு கலிபோர்னியா காற்று வாரியத்தின் நிர்வாக ஆணை எண் (அந்தப் பாகத்தை மாட்ட அனுமதி தரும் எண்) இருக்க வேண்டும். ஸ்டிக்கர் பானெட்டுக்குள் ஒட்டப்பட்டிருக்கும். அந்த ஆணை, கிட்டில் வந்த பாகங்களோடுதான் செல்லும். இன்ஜெக்டரையும் டியூனையும் நீங்களாக மாற்றினால் ஆணைக்குள் அடங்காது, புகைச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள். நான் இருக்கும் மிச்சிகனில் மாநிலப் புகைச் சோதனை இல்லை. ஆனாலும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது நாடு முழுவதும் சட்டவிரோதம். அதைத் தொடாதீர்கள், டியூனரிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பெட்ரோல் லைனைத் தொட்டிருக்கிறீர்கள். நாளைக்குத் தீப்பிடித்தால் முதல் கேள்வி அதுதான் வரும். பாகங்களின் ரசீது, இன்ஜெக்டர் சீரியல் எண், டைனோ தாள், வேலையின் படங்கள், எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.

டியூன் கருவி செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் முந்தைய காரிலிருந்து விடுவிக்கப்பட்டதா என்று கேளுங்கள். பல கருவிகள் ஒரே காரின் எண்ணோடு பூட்டிக்கொள்ளும். பழைய காரில் கம்பெனி டியூனைத் திரும்ப ஏற்றினால்தான் பூட்டு கழலும். விற்றவர் காரையே விற்றுவிட்டார் என்றால் உங்கள் காசு போச்சு.

4. வாங்கும்போது

இன்ஜெக்டர் டைனமிக்ஸ் கம்பெனியின் 1050எக்ஸ் இன்ஜெக்டர் எட்டு எனக்கு 1,080 டாலர் ஆனது. பாதி விலைக்கு அதே போலத் தெரியும் இன்ஜெக்டர்கள் கிடைக்கும், வாங்காதீர்கள். நல்ல இன்ஜெக்டரோடு, எவ்வளவு நேரம் திறந்தால் எவ்வளவு பெட்ரோல் வரும் என்ற அளவுத் தரவு வரும். ஃபோர்டு கம்ப்யூட்டருக்கு உயர் சரிவு, தாழ் சரிவு, முறிவுப் புள்ளி, வோல்டேஜுக்கு ஏற்ற திறப்புத் தாமதம் ஆகியவை வேண்டும். இவை இல்லாமல் டியூனர் ஊகத்தில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும். கார் ஐடிலில் தள்ளாடும்.

வால்ப்ரோ என்ற பிராண்டுப் பம்ப்பில் போலிகள் நிறைய. அங்கீகாரம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். 30 டாலர் மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினை இழக்க வேண்டாம்.

இரட்டைப் பம்ப் கூடு, ரெகுலேட்டர், ஹோஸ், ஃபில்டர் எல்லாம் சேர்ந்த கிட் 2,350 டாலர். ஆர்டர் போட்டு ஏழு வாரம் காத்திருந்தேன். இந்தக் காத்திருப்பைக் கணக்கில் சேர்க்காமல் காரைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். எல்லாப் பெட்டியும் வீட்டுக்கு வந்து, ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்த பிறகே முதல் போல்ட்டில் கை வையுங்கள். எனக்கு ஒரு ஃபிட்டிங் குறைந்து வந்தது, அதற்கே இன்னும் ஒன்பது நாள்.

ஹோஸ் உள்பக்கம் பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்) இருக்கட்டும், அதுவும் மின்கடத்தும் வகை. பம்ப்புக்குப் பிறகு 10 மைக்ரான் ஃபில்டர். இ85 என்றால் காகித ஃபில்டர் ஆகாது, ஊறிவிடும்.

5. டேங்க்கைத் திறக்கும் நாள்

மஸ்டாங்கில் ஒரு பெரிய வசதி. டேங்க்கை இறக்க வேண்டியதில்லை. பின் சீட்டின் அடிப்பாகத்தைத் தூக்கினால் மூடி தெரியும்.

டேங்க்கில் கால் பாகத்துக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கட்டும். பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓட்டி, அது தானாக நிற்கும் வரை விடுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். கராஜ் கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். வாட்டர் ஹீட்டர் கராஜில் இருந்தால் காரை வெளியே நிறுத்துங்கள், பைலட் தீ ஒன்று போதும். பெட்ரோல் தீக்கான அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும்.

மூடியைச் சுற்றிப் பத்து வருட மண் இருக்கும். டேங்க் இன்னும் மூடியிருக்கும்போதே அதை வேக்குவம் செய்து, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். திறந்த பிறகு வேக்குவம் கிளீனரைக் கிட்டே கொண்டுவரவே கூடாது. பூட்டு வளையத்தை இரும்பு உளியால் தட்டாதீர்கள். பித்தளைத் துண்டு அல்லது அதற்கென்றே உள்ள கருவி.

இனி மூன்று பொறிகள். மூன்றிலும் ஆட்கள் விழுந்திருக்கிறார்கள், ஒன்றில் நான்.

ஒன்று, டேங்க்குக்குள் போடும் ஹோஸ். வழக்கமான பெட்ரோல் ஹோஸின் வெளிப்புற ரப்பர் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கச் செய்யப்பட்டதல்ல. சில மாதத்தில் மெத்தென்று ஆகி வெடிக்கும். உள்ளே போடுவதற்கு எஸ்.ஏ.இ. 30ஆர்10 என்று அச்சிட்டிருக்கும் ஹோஸ்தான் வேண்டும். ஓர் அடி ஹோஸ் வழக்கமானதைவிடப் பல மடங்கு விலை. வாங்குங்கள்.

இரண்டு, ஜெட் லைன். இந்தக் காரின் டேங்க் குதிரைச் சேணம் மாதிரி. நடுவில் டிரைவ்ஷாஃப்ட்டுக்கு இடம் விட்டு இரண்டு பள்ளமாக இருக்கும். பம்ப் ஒரு பள்ளத்தில்தான். மறுபக்கப் பெட்ரோலை ஒரு சின்ன ஜெட் உறிஞ்சி இந்தப் பக்கம் கொண்டுவருகிறது. புதுக் கூட்டைப் போடும்போது அந்த லைனை மாட்ட மறந்தால், மறுபக்கம் கணிசமான பெட்ரோல் இருக்க, கார் நடுரோட்டில் நிற்கும். கூட்டை இறக்குவதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, ஓ-ரிங், அதாவது மூடியைக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். இதில்தான் நான் விழுந்தேன். பழைய ஓ-ரிங் வெளியே வந்ததும் உப்பிவிடும், பள்ளத்தில் திரும்ப உட்காராது. அழுத்தி உட்காரவைத்து வளையத்தைப் பூட்டினேன். மறுநாள் காலை காருக்குள் பெட்ரோல் நெடி. திறந்து பார்த்தால், ஓர் இடத்தில் நகக்கணு அளவுக்கு ஓ-ரிங் வெளியே பிதுங்கி நசுங்கியிருந்தது. பின் சீட்டில் என் பெண்ணை உட்காரவைப்பேன். அந்த இடத்துக்கு நேர் கீழே. புது ஓ-ரிங் விலை பத்துப் பதினைந்து டாலர்தான். முதலிலேயே வாங்கிவைத்திருங்கள், இரண்டாகவே வாங்குங்கள்.

6. வயரிங்

பெரிய பம்ப் ஒவ்வொன்றும் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கம்பெனி வயரில் ஓட்டினால் கனெக்டர் உருகும். பேட்டரியிலிருந்து நேராகப் பின்னே ஒரு தடித்த வயர், பம்ப்புக்கு ஒன்றாக, குறைந்தது 10 கேஜ். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் வயர் உரசிவிட்டால் காப்பாற்ற ஒன்றும் இல்லை. தகட்டில் துளை வழியே போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள்.

பம்ப்பை இயக்கும் சிக்னலைக் கம்பெனி பம்ப் சர்க்யூட்டிலிருந்தே எடுங்கள். விபத்தில் ஏர்பேக் வெடித்தால் கம்ப்யூட்டர் பம்ப்பை நிறுத்தும். இக்னிஷனிலிருந்து சிக்னல் எடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், கவிழ்ந்த காரிலும் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் கம்பெனி சிக்னல் துடிப்பாக வருவதால் சாதாரண ரிலே படபடவென்று அடிக்கும். கிட்டோடு வரும் கன்ட்ரோலரைத்தான் பயன்படுத்த வேண்டும். எனக்கு வயரிங் 160 டாலரும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் ஆனது.

7. இன்ஜெக்டரும் கசிவுச் சோதனையும்

இன்ஜெக்டர் மாற்றுவது எளிது. ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, நேராக அழுத்துங்கள், திருகாதீர்கள்.

எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் பம்ப்பை மட்டும் மூன்று நான்கு முறை ஓடவிட்டு அழுத்தம் ஏற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைப் பேப்பர் காட்டிக்கொடுக்கும். அரை மணி விட்டு மறுபடி ஒற்றுங்கள்.

8. டியூன்

பாகம் மாறியது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பழைய டியூனோடு ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் கொட்டும், ஆயிலில் கலக்கும். புது இன்ஜெக்டர் தரவு உள்ள ஆரம்ப டியூனை முதலில் ஏற்றிவிட்டுத்தான் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இந்தக் கார் ரெயில் அழுத்தத்தைத் தானே அளப்பதில்லை. 140 டாலருக்கு ஒரு பிரஷர் சென்சார் வாங்கி, லாக்கில் (ஓட்டும்போது எண்களைச் சேமிக்கும் பதிவில்) பதிவாகும்படி மாட்டுங்கள். இந்த மொத்த வேலையில் நான் மனதார வற்புறுத்தும் ஒரு பொருள் இது. எல்லாவற்றுக்கும் முன்பே, சூப்பர்சார்ஜரோடு சேர்த்தே இதை மாட்டியிருக்க வேண்டும்.

லாக்கில் பார்க்க வேண்டியவை: பூஸ்ட் 9 ஏறினால் அழுத்தம் 55-இலிருந்து 64-க்கு ஏறுகிறதா? இன்ஜெக்டர் திறப்பு நேரம் 85 சதவீதத்துக்குள் இருக்கிறதா? லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு) டியூனர் கேட்ட எண்ணில், பெட்ரோலில் 0.80-ஐ ஒட்டி, நிற்கிறதா? முன் ஆக்சிஜன் சென்சார்களே கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் வகை என்பதால் லாம்டாவுக்குத் தனி மீட்டர் அவசியமில்லை. முதலில் பாதி த்ராட்டில், பிறகு 5,000 வரை, பிறகுதான் முழுசு. அழுத்தம் பூஸ்ட்டோடு சேர்ந்து ஏறாமல் தட்டையாக நின்றாலோ இறங்கினாலோ காலை எடுங்கள். பெட்ரோல் போதாமல் வெடிப்புத் தட்டினால் பிஸ்டனின் ரிங் வரப்பு உடைய ஒரே ஓட்டம் போதும்.

டைனோ டியூன் 750 டாலர், ஒரு நாள் வேலை. தூரத்திலிருந்து லாக் அனுப்பி டியூன் வாங்கினால் செலவு குறையும், ஆனால் ஐந்தாறு திருத்தம், இரண்டு மூன்று வாரம் ஆகும். எரிபொருள் அமைப்பையே மாற்றியிருக்கும்போது நேரில் செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

9. மொத்தம்

ஓ-ரிங், உள் ஹோஸ், கையுறை போன்ற சில்லறை 90 சேர்த்து, எனக்கு 4,570 டாலர். வேலை முழுக்க நானும் நண்பரும், மூன்று வார இறுதிகள். கடையில் கொடுத்தால் எட்டிலிருந்து பத்து மணி நேரக் கூலி கேட்பார்கள். மணிக்கு 150 டாலர் என்றால் 1,200 முதல் 1,500 கூடும். மிச்சிகன் மாதிரி பனிக்காகச் சாலையில் உப்புப் போடும் ஊரில் கார் எப்படியும் குளிர்காலத்தில் நிற்கும். பாகங்களை டிசம்பரில் ஆர்டர் செய்து, மார்ச்சில் மாட்டி, ஏப்ரலில் டைனோவுக்குப் போங்கள். நான் மே மாதத்தில் தொடங்கி ஒரு கோடைகாலத்தையே இழந்தேன். ஆகஸ்ட்டில் டெட்ராய்ட் பக்கத்தில் நடக்கும் உட்வர்ட் கார் ஊர்வலத்துக்கு நடந்துதான் போனேன்.

கழற்றிய பம்ப், இன்ஜெக்டர், வயர் எதையும் விற்காதீர்கள். காரை விற்கும் நாளில் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

10. இ85 அடிக்கப் போகிறவர்களுக்கு மட்டும்

பங்க்கில் இ85 என்று எழுதியிருந்தாலும் அதில் எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை எதுவாகவும் இருக்கலாம். குளிர்காலத்தில் குறைத்துக் கலப்பார்கள். உங்கள் டியூன் எந்தச் சதவீதத்துக்கு எழுதப்பட்டது என்று டியூனரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அடிப்பதற்கு முன் சோதியுங்கள். கோடு போட்ட கண்ணாடிக் குழாய் பத்து இருபது டாலருக்குக் கிடைக்கும். அளவாகத் தண்ணீர் ஊற்றி, மேலே இ85 ஊற்றிக் குலுக்கி வைத்தால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கும். கோடு எங்கே நிற்கிறது என்று படித்துக்கொள்ளலாம். போன அக்டோபரில் ஒரே பங்க்கில் இரண்டு வார இடைவெளியில் எனக்கு 78-உம் 66-உம் வந்தது.

மைலேஜ் கால் பங்குக்கு மேல் குறையும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் இ85-ஐ டேங்க்கில் வைத்து மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். நான் நவம்பர் முதல் வாரத்தில் இ85-ஐ ஓட்டித் தீர்த்து, 93 ஆக்டேன் நிரப்பி, பெட்ரோல் டியூனை ஏற்றி, இருபது மைல் ஓட்டி ரெயிலில் மிஞ்சியதையும் காலி செய்த பிறகே காருக்கு உறை போடுகிறேன். எந்த டியூன் ஏற்றியிருக்கிறது என்பதை ஒரு துண்டு டேப்பில் எழுதி பெட்ரோல் மூடிக்குள் ஒட்டிவிடுவேன். ஏப்ரலில் காரை எடுக்கும்போது நினைவிருக்காது.